குற்றம் சென்சார் மீதா?

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் சுமார் 40 கிலோமீட்டர். சென்னையிலிருந்து திருச்சிப் பக்கம் போகிற கார்களின் வழி இது. புதுச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் பிரிகிற சாலைகளும் இந்த இரண்டு ஊர்களைத் தொட்டே போகின்றன. அதனால் பைபாஸ் ஓரத்து ஒர்க்‌ஷாப்புகளுக்கு வேலை குறைவதில்லை. டாஷ்போர்டில் மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிய வந்து நிற்கும் பெட்ரோல் காரில் ஸ்கேனரைச் செருகினால், திரையில் அடிக்கடி தலைகாட்டும் பெயர் ஆக்சிஜன் சென்சார். பெயர் தெரிந்ததும் தீர்ப்பும் வந்துவிடுகிறது: "சென்சார் போயிடுச்சு சார், மாத்திடலாம்." பழையதைக் கழற்றிப் புதியதை முடுக்க அரை மணி நேரம் போதும். விளக்கு அணையும், பில் போடப்படும். சில வாரத்தில் அதே விளக்கு திரும்ப எரிந்தால், போட்ட சென்சார் மட்டமான சரக்கு என்று அடுத்த பழி. இந்த வழக்கத்தில் ஓர் அடிப்படைப் பிழை இருக்கிறது. சென்சாரின் பெயர் திரையில் வருவது, பல நேரங்களில் அது தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருப்பதன் அடையாளம். அதை மாற்றலாமா என்று முடிவெடுக்க வேண்டிய முதல் சான்றோ, பெரும்பாலான கார்க்காரர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. டாஷ்போர்டு அறையில் மடித்துக் கிடக்கும் புகைப் பரிசோதனைச் சான்றிதழ்தான் அது.

சென்சார் என்ன செய்கிறது என்று தெரிந்தால் வாதம் தானாகப் புரியும். பார்க்க ஸ்பார்க் பிளக் சாயலில் இருக்கும் இந்தப் பொருளின் உள்ளே, விரல் நுனி பருமனில் சிர்கோனியம் டை ஆக்சைடு என்ற பீங்கானால் ஆன சிறு குப்பி. இரு பக்கமும் பிளாட்டினப் பூச்சு. குப்பியின் வெளிப்புறத்தை இன்ஜின் புகை தழுவிப் போகும்; உட்புறத்தில் சாதாரண வெளிக்காற்று. சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடேறியதும் ஆக்சிஜன் அயனிகள் அந்தப் பீங்கான் வழியே நகரத் தொடங்கும். உள்ளும் வெளியும் ஆக்சிஜன் அளவு எவ்வளவு வேறுபடுகிறதோ அதற்கேற்ப மின்னழுத்தம் பிறக்கும். பெட்ரோல் கூடிப்போய்ப் புகையில் ஆக்சிஜனே மிஞ்சாவிட்டால் 0.8, 0.9 வோல்ட். பெட்ரோல் குறைந்து ஆக்சிஜன் மிஞ்சினால் 0.1 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே 0.45. காரின் கணினி இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்துப் பார்த்து இன்ஜெக்டர் பீய்ச்சும் பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கிறது. இலக்கு, ஒரு கிலோ பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று. இந்தச் சமநிலையைத்தான் லாம்டா 1 என்கிறார்கள். 1க்கு மேல் போனால் காற்று மிகுதி, கீழே வந்தால் பெட்ரோல் மிகுதி.

அந்த ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு ஏன் இத்தனை பாடு? கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் முறிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் லாம்டா 1ஐ ஒட்டிய மிகக் குறுகிய இடைவெளியில் மட்டுமே முழுத் திறனோடு இயங்கும். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் உருவாக்கிய சென்சார் 1976ல் முதன்முதலாக வோல்வோ கார்களில் ஏறி, கலிஃபோர்னியாவின் கடுமையான புகை விதிகளை நிறைவேற்றப் போனது இதற்காகத்தான். நம் நாட்டில் 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்கு கன்வெர்ட்டர் கட்டாயமானது. ஈயமில்லாத பெட்ரோல் நாடு முழுவதும் வந்ததோ 2000 பிப்ரவரியில். ஈயம் கன்வெர்ட்டரையும் சென்சாரையும் ஒருசேரக் கெடுக்கும் என்பதை நினைத்தால், பெருநகருக்கு ஒரு விதி, வெளியே வேறு பெட்ரோல் என்ற அந்த ஐந்தாண்டு ஏற்பாட்டை என்னவென்று சொல்வது! பாரத் ஸ்டேஜ் 4 விதிகள் 2017 ஏப்ரலில் நாடு முழுமைக்கும் வந்தன. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6. இன்றைய பெட்ரோல் காரில் கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று குறைந்தது இரண்டு சென்சார்கள் உண்டு. முன்னது கலவையைக் கட்டுப்படுத்துகிறது, பின்னது கன்வெர்ட்டரை வேவு பார்க்கிறது. பாரத் ஸ்டேஜ் 6 பைக்குகளிலும் இந்தச் சென்சார் வந்துவிட்டது. டீசல் வண்டியின் கணக்கு வேறு. அது இங்கே வேண்டாம்.

இந்தச் சென்சாருக்குப் பெட்ரோல் தெரியாது, ஆக்சிஜன் மட்டும்தான் தெரியும். பழிபோடும் வழக்கத்தின் பிழை இங்கேதான் தொடங்குகிறது. ஒரு சிலிண்டரில் ஸ்பார்க் பிளக்கோ காயிலோ பழுதாகி மிஸ்ஃபயர் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சிலிண்டரின் பெட்ரோலும் காற்றும் எரியாமலே புகைக்குழாய்க்கு வருகின்றன. எரியாத பெட்ரோல் அங்கே ஏராளம். ஆனாலும் கூடவே வந்த ஆக்சிஜனைப் பார்த்து 'காற்று மிகுதி' என்று சென்சார் சொல்கிறது. கணினி இன்னும் பெட்ரோலை ஊற்றுகிறது. மைலேஜ் விழுகிறது, கன்வெர்ட்டர் சூடாகிக் கருகுகிறது. இன்னொன்று, சைலன்சர் கசிவு. புகைக்குழாயில் அழுத்தம் ஒரே சீராக இருப்பதில்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் இடையே நொடியின் சிறு பகுதி நேரம் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். சென்சாருக்கு முன்னால் மேனிஃபோல்ட் கேஸ்கட்டில் ஒரு விரிசல் இருந்தால் போதும், அதே பொய்ச் செய்தி. மரக்காணம் உப்பளப் பக்கமும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் தினமும் ஓடும் வண்டிகள் இதில் கூடுதல் கவனத்துக்குரியவை. உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்தால் குழாயின் இணைப்புகளும் வெல்டிங் ஓரங்களும் சீக்கிரம் துருவேறும். அங்கே ஓட்டை விழுந்த காருக்கு எத்தனை புதுச் சென்சார் போட்டாலும் அத்தனையும் 'காற்று மிகுதி' என்றே சொல்லும். காரணம், காற்று உண்மையிலேயே மிகுதியாக இருக்கிறது.

ஸ்கேனர் காட்டும் குறியீடுகளைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தாலே பாதிக் குழப்பம் தீரும். பி0171 என்றால் கலவையில் காற்று மிகுதி, பி0172 என்றால் பெட்ரோல் மிகுதி. இவை இரண்டும் சென்சார் தந்த செய்திகள், சென்சார் மீதான புகார்கள் இல்லை. பி0420 என்றால் கன்வெர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது. அதைச் சொன்னதற்காகப் பின் சென்சாரை மாற்றுவதில் பொருளே கிடையாது. பி0135, பி0141 ஆகியவை சென்சாருக்குள் இருக்கும் சூடேற்றியின் மின்சுற்று பற்றியவை. இவற்றில் சென்சார் மீது சந்தேகம் நியாயமானது, ஆனாலும் ஃபியூஸையும் ஒயரையும் பார்த்துவிட்டே முடிவுக்கு வர வேண்டும். பி0133, அதாவது முன் சென்சார் மந்தமாகப் பதிலளிக்கிறது என்ற குறியீடு, வயதான சென்சாரின் நேரடி அறிகுறிகளில் ஒன்று. சூடேற்றி உள்ள சென்சார் ஏறத்தாழ 1,60,000 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பது பொதுவான கணக்கு. 50,000 ஓடிய காரில் மூன்றாவது சென்சார் போடப்படுகிறது என்றால் சந்தேகிக்க வேண்டிய இடம் வேறு.

இப்போது அந்தச் சான்றிதழுக்கு வருவோம். பாரத் ஸ்டேஜ் 4க்கும் அதற்குப் பிந்திய பெட்ரோல் கார்களுக்கும் மத்திய மோட்டார் வாகன விதிகள் இரண்டு கட்டச் சோதனை கேட்கின்றன. ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள்ளும் ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்முக்குள்ளும் இருக்க வேண்டும். பிறகு ஆக்சிலரேட்டரை மிதித்து 2,500 சுற்றில், 200 கூடக் குறைய, நிறுத்தி அளக்கையில் கார்பன் மோனாக்சைடு 0.2 சதவீதத்துக்குள்ளும், லாம்டா 1க்கு மேலோ கீழோ 0.03க்குள்ளும் இருக்க வேண்டும். நிறுவனம் வேறு வரம்பு அறிவித்திருந்தால் அது. வண்டி எண் திண்டிவனத்தின் டிஎன் 16 ஆனாலும் விழுப்புரத்தின் டிஎன் 32 ஆனாலும் இதுதான் விதி. சான்றிதழில் இந்த எண்கள் அச்சாகி வருகின்றன. 'பாஸ்' என்ற சொல்லைத் தாண்டி யாரும் படிப்பதில்லை, அவ்வளவுதான். படித்தால் நிறையச் சொல்லும். லாம்டா 1.00, கார்பன் மோனாக்சைடு மிகக் குறைவு என்றால், கலவைக் கட்டுப்பாடு சரியாக நடக்கிறது. முன் சென்சார் உண்மை பேசாமல் இது நடக்காது, அதை மாற்ற அவசரப்பட வேண்டாம். லாம்டா 1.06, ஆனால் கார்பன் மோனாக்சைடு சொற்பம் என்றால் எங்கோ வெளிக்காற்று கலக்கிறது. சைலன்சரில் ஓட்டை தேட வேண்டும். லாம்டா 0.95, கார்பன் மோனாக்சைடு எல்லை மீறுகிறது என்றால் உண்மையிலேயே பெட்ரோல் கூடுதல். இன்ஜெக்டர் ஒழுகுகிறதா, சென்சார் பொய் சொல்கிறதா என்று இப்போது கேட்கலாம். இதில் ஒரு நுட்பமும் உண்டு. லாம்டா என்பது புகையிலுள்ள வாயுக்களை மொத்தமாகக் கூட்டிக் கழித்துப் பெறும் எண். கன்வெர்ட்டர் அந்த வாயுக்களை ஒன்றிலிருந்து இன்னொன்றாக மாற்றினாலும், உள்ளே போன காற்றும் பெட்ரோலும் என்ன விகிதத்தில் இருந்தன என்ற கணக்கை மாற்ற முடியாது. அதனால் வழியில் கசிவு இல்லாதவரை, சைலன்சர் முனையில் குழலை நுழைத்து எடுத்த எண், இன்ஜின் வாசலில் நடப்பதையே சொல்கிறது. சென்சாரைச் சோதிக்க, சென்சாரைச் சாராத இரண்டாவது சாட்சி இது.

இதற்கு உடனடியாக எழும் ஆட்சேபம் எல்லாருக்கும் தெரிந்தது. பல இடங்களில் குழலை நுழைக்காமலே சான்றிதழ் தருகிறார்களே, அந்த எண்ணை எப்படி நம்புவது? நியாயமான கேள்வி. ஆனால் சட்டத்துக்காக வாங்கும் காகிதத்துக்கும், நம் காரின் நோயை அறிவதற்காகக் கேட்கும் அளவுக்கும் வித்தியாசம் உண்டு. பணம் கொடுப்பவரே பக்கத்தில் நின்று, இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, "2,500ல வச்சுக் காட்டுங்கண்ணே" என்று கேட்டால் கருவி காட்டுவதைக் கண்ணால் பார்க்கலாம். நுழைக்காமல் தரும் காகிதத்தால் ஏமாறுபவர் போக்குவரத்துத் துறை மட்டுமில்லை, காரின் சொந்தக்காரரும்தான். இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. நிற்கும் வண்டியில் எடுக்கும் அளவு, விக்கிரவாண்டியைத் தாண்டி 100ல் போகும்போது வரும் கோளாறைக் காட்டாது. அதற்கு ஸ்கேனரில் ஓட்டிப் பார்க்க வேண்டும். கணினி எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ திருத்துகிறது என்ற ஃப்யூயல் டிரிம் எண்ணைக் கவனிக்க வேண்டும். 10 சதவீதத்துக்குள் ஊசலாடினால் பொதுவாகக் கவலையில்லை. ஐடிலில் அதிகமாகவும் வேகத்தில் குறைவாகவும் இருந்தால் இன்ஜினுக்குள் காற்று போகும் பாதையில் கசிவு. வேகத்தில்தான் ஏறுகிறது என்றால் பெட்ரோல் பம்பையோ ஃபில்டரையோ பார்க்க வேண்டும். விலை குறைந்த ப்ளூடூத் ஸ்கேனரும் செல்போனும் இந்த எண்களைக் காட்டிவிடும். சிறு ஒர்க்‌ஷாப்புக்கு இது கட்டுபடியாகாது என்ற பேச்சு இப்போது எடுபடாது.

அண்மையில் கிளம்பிய இன்னொரு ஆட்சேபம் எத்தனால். 2022 ஜூனில் பெட்ரோலில் 10 சதவீதம் கலப்பை எட்டிய நாடு, 2025ல் 20ஐ எட்டிவிட்டதாக மத்திய அரசு அறிவித்தது. அதிலிருந்து சென்சார் விளக்கு எரிந்தால் "இ20 பெட்ரோல்தான் காரணம்" என்று ஒரு பதில் தயாராக இருக்கிறது. முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலையை வைத்துக்கொண்டு, கரும்பு விளையும் மாவட்டத்தில் எத்தனாலைத் திட்டுவதில் சற்று வேடிக்கை இருக்கட்டும், கணக்கைப் பார்ப்போம். எத்தனாலின் உடம்பிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அது எரியக் குறைந்த காற்று போதும். சுத்தப் பெட்ரோலுக்கு 14.7 என்றால், 10 சதவீதக் கலப்புக்கு ஏறத்தாழ 14.1, 20க்கு 13.5. அதாவது 10லிருந்து 20க்கு மாறும்போது கணினி கூட்ட வேண்டியது சுமார் 4 சதவீதப் பெட்ரோல். ஆக்சிஜன் மிஞ்சுகிறதா இல்லையா என்பதை மட்டும் பார்க்கும் சென்சாருக்கு, எரிபொருள் எதுவானாலும் லாம்டா 1 லாம்டா 1தான். அது வழக்கம்போல அதே இடத்தில் தாவும். நல்ல நிலையில் உள்ள கார் இந்தத் திருத்தத்தைச் சத்தமில்லாமல் செய்துவிடும். ஏற்கெனவே கசிவாலோ அடைபட்ட ஃபில்டராலோ எல்லைக்கு அருகே தத்தளித்துக்கொண்டிருந்த கார் இந்த 4 சதவீதத்தில் எல்லையைத் தாண்டி விளக்கைக் காட்டலாம். பழைய கார்களின் ரப்பர் பாகங்களுக்கு இ20 ஒத்துக்கொள்ளுமா என்பது தனிக் கேள்வி, அதில் கவலைப்பட நியாயம் உண்டு. சென்சாரை அது கொன்றது என்பதற்கு மட்டும் கணக்கு இடம் தரவில்லை.

உண்மையிலேயே சென்சாரைக் கொல்பவை வேறு. தேய்ந்த ரிங் வழியே எரியும் ஆயிலின் பாஸ்பரஸ், ஹெட் கேஸ்கட் போய்ப் புகையில் கலக்கும் கூலன்ட், கேஸ்கட்டுக்குப் பதில் தாராளமாக அப்பிய சாதாரண சிலிக்கான் பசையின் ஆவி. இவை பிளாட்டினப் பூச்சின் மேல் படிந்து அதை ஊமையாக்கும். பிறகு தண்ணீர். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ., திண்டிவனத்தில் 37 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட வெள்ளத்தில் நின்ற காரில் இரண்டு ஆபத்துகள். சூடான பீங்கான் மேல் திடீரெனத் தண்ணீர் பட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். அடுத்தது அதிகம் பேசப்படாதது. பல சென்சார்களில் உள்ளே வேண்டிய வெளிக்காற்று, தனித் துளை எதுவுமின்றி, ஒயர் இழைகளுக்கு இடையிலும் கனெக்டர் வழியாகவும்தான் போகிறது. கனெக்டரில் சேறு அடைத்தால் ஒப்பிட்டுப் பார்க்க நல்ல காற்று இல்லாமல் சென்சார் தடுமாறும். இப்படிப்பட்ட வண்டி மழைக்குப் பின் கழுவித் துடைத்துப் பழைய கார் சந்தைக்கு வருவதும் உண்டு. வாங்குபவர் கனெக்டரைக் கழற்றி உள்ளே மண் தடம் பார்ப்பது நல்லது.

விசாரணை முடிந்து, மாற்றத்தான் வேண்டும் என்றால், பொருத்தும் முறையில் அலட்சியம் கூடாது. இன்ஜின் இளஞ்சூட்டில் இருக்கும்போது கழற்றினால் மரை கெடாமல் வரும். முரண்டு பிடித்தால் துரு நீக்கும் எண்ணெய் விட்டுக் காத்திருக்கலாம். ஒயருக்குப் பக்கவாட்டில் வெட்டுள்ள 22 எம்எம் சாக்கெட் இதற்கென்றே கிடைக்கிறது. மரை பெரும்பாலும் 18 எம்எம். புதிய சென்சாரின் மரையில் வழக்கமாக அதற்குரிய பூச்சு தடவியே வரும். அதன்மேல் கிரீஸ் பூசி முனையில் வழியவிட்டால் புதுப் பொருள் அன்றே பாழ். கீழே விழுந்த சென்சாரைத் துடைத்துப் போடக் கூடாது, உள்ளே பீங்கான். 40 முதல் 60 நியூட்டன் மீட்டர் வரையிலான முடுக்கம் பொதுவான அளவு என்றாலும் அந்தக் காரின் கையேடு சொல்வதே இறுதி. யுனிவர்சல் சென்சார் வாங்கினால் ஒயரை ஒட்டும் வேலை வரும். நான்கு ஒயரில் இரண்டு சூடேற்றிக்கு, ஒன்று சிக்னல், ஒன்று எர்த். பாஷ் வகையில் வெள்ளை இரண்டும் சூடேற்றி, கறுப்பு சிக்னல், சாம்பல் எர்த். இங்கே சால்டரிங் வைத்தால் ஈயம் இழைகளுக்கு நடுவே ஏறிக் காற்று போகும் வழியையே அடைத்துவிடும்; கிரிம்ப் செய்வதே முறை. எல்பிஜி, சிஎன்ஜி கிட் போட்ட கார்களில் இந்த ஒயர்களை ஏற்கெனவே யாராவது வெட்டி ஒட்டியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டே தொடங்க வேண்டும். குழாயையே மாற்றி, புதிதாக இருக்கை வெல்டிங் செய்ய நேர்ந்தால், குழாயின் மேல் பாதியில், கிடைமட்டத்துக்குக் குறைந்தது 10 டிகிரி மேலாகச் சென்சார் சாய்ந்து நிற்கும்படி வைக்க வேண்டும். அடிப்பக்கம் வைத்தால் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது குழாயில் ஊறும் நீரெல்லாம் பீங்கானில் தேங்கும்.

கடைசியாக ஒரு வாதம் உண்டு, அதுதான் கடினமானது. இத்தனை பாடு எதற்கு, பின் சென்சாரைப் புகையிலிருந்து சற்று விலக்கிவைக்கும் ஒரு ஸ்பேசர் மாட்டி, அல்லது கணினியில் அதன் கணக்கையே அழித்து, விளக்கை அணைத்துவிட்டால் கார் நன்றாகத்தானே ஓடுகிறது? ஓடும், மறுப்பதற்கில்லை. பின் சென்சார் முக்கியமாகப் பார்ப்பது கன்வெர்ட்டரை. அதன் வாயை அடைத்தால் ஓட்டுநருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் கன்வெர்ட்டர் தானாகச் சாவது அரிது. மிஸ்ஃபயரோ ஆயில் எரிவதோ அதைக் கொல்கிறது, அந்த நோய் இன்ஜினுக்குள் தொடர்ந்து வளரும். அழித்தது நோயின் செய்தியைத்தான். அந்தக் காருக்குப் பின்னால் சிக்னலில் பைக்கில் நிற்பவர் சுவாசிக்கும் கார்பன் மோனாக்சைடு எந்த டாஷ்போர்டிலும் விளக்காக எரிவதில்லை. அசல் கன்வெர்ட்டரின் விலை பலருக்கும் தாங்காது என்பது உண்மை. பிளாட்டினம், பல்லாடியம், ரோடியம் விலை அப்படி. அதனால்தான் சில நூறு ரூபாய் பிளக்கையும், கசியும் கேஸ்கட்டையும், அது சின்னக் கோளாறாக இருக்கும்போதே கண்டுபிடிக்கும் வேலையைச் சென்சாரை மாற்றும் வேலைக்கு முன்னால் வைக்கச் சொல்கிறேன். வாடிக்கையாளர் தன் பங்குக்குச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சென்சார் மாற்றிய பில்லில் பொருளின் பெயருக்குப் பக்கத்தில், மாற்றுவதற்கு முன் லாம்டா எவ்வளவு, மாற்றி 50 கிலோமீட்டர் ஓட்டிய பின் எவ்வளவு என்று இரண்டு எண்களையும் எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம். இரண்டும் ஒன்றாகவே இருந்தால், கழற்றிய பழைய சென்சாரைக் கையோடு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அது இன்னும் வேலை செய்யும்.